வேலையை விடுவதற்கு முன் இரவுகளைக் குறைத்துப் பாருங்கள்

பகலில் யுஐ டிசைன் (ஆப், வெப்சைட் ஸ்கிரீன்களை வடிவமைக்கும் வேலை), வாரத்தில் நான்கு இரவு ஸ்டாண்ட்-அப் காமெடிக்கான ஓப்பன் மைக் (யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசிப் பார்க்கும் மேடை), காலை மீட்டிங்கில் தூக்கம்; வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரைதான் மேடையில் சொதப்பினாலும் பயமில்லாமல் புதிதாக முயல முடியும்.

நான்கு இரவை இரண்டாக்குங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். சிரிப்பு எந்தச் சொல்லில் வெடிக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் விளக்கிக்கொண்டே போயிருந்தால் அந்த விளக்கத்தை வெட்டிவிட்டு, வெடிக்கும் சொல்லை வரியின் கடைசிக்குத் தள்ளுங்கள். மேடையில் பேசும் ஐந்து நிமிட செட்டில் எவ்வளவு வேண்டாத சதை இருந்தது என்று அப்போதுதான் தெரியும். ஸ்கிரீனில் வேண்டாத பட்டனைத் தூக்கிப் பழகிய கைக்கு இது கஷ்டமே இல்லை.

கிளையன்ட்டுக்கு டிசைனை ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் மேடை ஏறாதீர்கள். அப்புறம், காசு வாங்கும் ஷோ வந்தால், வெளி வேலை பற்றி உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று முதலில் படியுங்கள். கிளையன்ட்டை வைத்து ஜோக் சொல்லலாமா? "லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்க" ரகம் சரி, அது எல்லா கிளையன்ட்டும் சொல்வதுதான். இன்னும் வெளிவராத ப்ராடக்டைப் பற்றி மேடையில் மூச்சு விடக்கூடாது. என்டிஏ-வுக்கு, அதாவது ரகசியம் காப்பதாகப் போடும் ஒப்பந்தத்துக்கு, நகைச்சுவை உணர்வு கிடையாது.