காதால் சேர்க்கும் சுருதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறு வருடங்களாக கிதார் வாசிக்கிறேன். சென்ற மாதம் முதன்முறையாகத் தந்திகளைத் தளர்த்தி ஓப்பன் டி-யில், அதாவது திறந்த தந்திகளே டி மேஜர் கார்டாக ஒலிக்கும் ட்யூனிங்கில், சுருதி சேர்த்தேன். விரலே வைக்காமல் ஆறு தந்திகளையும் மீட்டியபோது எழுந்த முழக்கத்தில் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு கை ஓடவில்லை. எனக்குத் தெரிந்த கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) எதுவும் அங்கே இல்லை. இந்த ட்யூனிங்குக்கு முழுமையான கார்டு அட்டவணை எங்கே கிடைக்கும்? அடிக்கடி சுருதி மாற்றினால் கிதாரின் கழுத்து வளைந்துவிடுமா? இதெல்லாம் குறுக்குவழி என்கிறார் என் ஆசிரியர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

'அப்படியே உட்கார்ந்துவிட்டேன்' என்ற வரியில்தான் என் மனம் நின்றது. சில வாரங்களாக என் கிதாரும் ஓப்பன் டி-யில்தான் இருக்கிறது. அந்த முழக்கத்தைப் பற்றி யாரிடமாவது பேசவேண்டும் என்று நினைத்திருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது.

கழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓப்பன் டி-யில் நான்கு தந்திகளை இறக்குகிறோம், எதையும் ஏற்றுவதில்லை. இரண்டு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) அளவு இறங்கும் தந்தியில் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, அவ்வளவுதான். தளர்ந்த ஆறாவது தந்தி ஃப்ரெட்டில் உரசி இரைந்தால் சற்றுத் தடித்த தந்தியாகப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியருடன் எனக்கு வழக்கு இல்லை. ஒரே விரலைக் குறுக்கே வைத்தால் மேஜர் கார்டு கிடைத்துவிடுகிறதே என்று சொல்லியிருப்பார். அதே ட்யூனிங்கில் ஒரு மைனர் கார்டைப் பிடித்துப் பார்த்தால் 'குறுக்குவழி' என்ற சொல்லை அவரே திரும்ப எடுத்துக்கொள்வார்.

அட்டவணை கேட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த ஆறு வருடங்களில் கற்றதெல்லாம் உங்கள் விரல்கள்தான். சி என்றால் இந்த வடிவம், ஜி என்றால் இந்த வடிவம் என்று அவை தாமாகப் போய் உட்கார்ந்துகொண்டன. என்ன ஒலிக்கிறது என்று காதைக் கேட்கவேண்டிய தேவை வரவேயில்லை. தந்திகளைத் தளர்த்திய அன்று விரல்களின் அறிவு செல்லாமல் போயிற்று, காது விழித்துக்கொண்டது, நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். இவ்வளவு நல்ல காரியம் நடந்த பிறகு, அந்தக் காதை மறுபடியும் தூங்கவைக்க ஒரு தாளைத் தேடி அலைகிறீர்கள். கனடியப் பாடகி ஜோனி மிட்செலுக்குச் சிறுவயதில் போலியோ வந்து இடது கை பலவீனமாயிற்று; கைக்கு எட்டாத கார்டுகளை எட்டவைப்பதற்காகத் தந்திகளையே விதவிதமாக மாற்றிச் சேர்த்துத் தனக்கென்று ஓர் ஒலியுலகை அமைத்துக்கொண்டார். ஹவாயில் தந்திகளைத் தளர்த்தி வாசிக்கும் மரபில், ஒரு குடும்பத்தின் ட்யூனிங்கை வெளியாருக்குச் சொல்லாமல் காத்த காலம் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுத்தான் கற்றார்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன். நீங்கள் சுருதி சேர்த்தது காதாலா, கிளிப் ட்யூனராலா (கிதாரில் மாட்டிச் சுருதி பார்க்கும் கருவி)? ட்யூனரால்தான் என்று ஊகிக்கிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர், வகுப்பு தொடங்குமுன் என் கிதாரை வாங்கி தந்தியை முறுக்கும் எல்லா பெக்குகளையும் கண்டபடி திருப்பிக் கலைத்துவிட்டுத்தான் கையில் தருவார். நான் சேர்த்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். சரியாக வந்ததும் திரும்புவார். வாயைத் திறந்து பாராட்டியதில்லை. சில நாட்களில் வகுப்பு நேரம் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். அவர் மேல் எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் அன்பாக மாறியது ஓப்பன் ட்யூனிங்குக்கு வந்த பிறகுதான். ஏனென்று செய்தே பாருங்கள்.

ஆறாவது தந்தியிலிருந்து முதல் தந்திவரை: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. நம் கணக்கில் ச ப ச க ப ச. முதலில் ட்யூனர் காட்டும் இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகு நான்காவது தந்தியில் நான்காவது ஃப்ரெட் கம்பிக்குச் சற்று முன்னால் விரலை அழுத்தாமல் தொட்டு ஹார்மோனிக்கை, அதாவது தந்திக்குள் ஒளிந்திருக்கும் மேல்சுரத்தை, எழுப்புங்கள். மூன்றாவது தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு நடுக்கம் கேட்கும். முதலாவது 734 ஹெர்ட்ஸ், இரண்டாவது 740. ஆகவே நொடிக்கு ஆறு முறை அந்த அலைவு. இப்போது மூன்றாவது தந்தியை மயிரிழை மயிரிழையாக இறக்குங்கள். நடுக்கம் மெதுவாகும், நீளும், ஓரிடத்தில் அடங்கிவிடும். நீங்கள் இறக்கியது அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் தம்பூராவின் மந்திர ஸட்ஜத்திலிருந்து தானாகவே எழும் அந்தர காந்தாரம் அங்கேதான் இருக்கிறது. இப்போது ஆறு தந்திகளையும் மீட்டுங்கள். முன்பு உங்களை உட்காரவைத்த முழக்கம் இதன் பக்கத்தில் வராது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே விரலைக் குறுக்கே வைத்து ஐந்தாவது ஃப்ரெட்டுக்கோ ஏழாவதுக்கோ போனால் எல்லாத் தந்தியும் ஒன்றாக ஏறுவதால் அந்த இனிமை கெடுவதில்லை. ஆனால் மூன்றாவது தந்தியை மட்டும் மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி, பக்கத்தில் திறந்திருக்கும் ஏ-யோடு சேர்த்து வாசித்தால் அது சற்றுத் தாழ்ந்து ஒலிக்கும். விரலால் தந்தியை லேசாக இழுத்து உயர்த்த வேண்டும். எங்கே இழுப்பது, எவ்வளவு இழுப்பது, எந்தப் பாட்டுக்கு ட்யூனர் சொன்ன இடத்துக்கே திரும்புவது என்பதையெல்லாம் எந்த அட்டவணை சொல்லும்? வடிவத்தைத்தான் அதில் வரைய முடியும். இழுப்பின் அளவு உங்கள் காதுக்கு மட்டுமே தெரியும்.

மைனர் கார்டின் சிக்கலும் இந்த மூன்றாவது தந்தியில்தான் இருக்கிறது. குறுக்கே விரல் வைத்திருக்கும்போது, மைனருக்கு வேண்டிய, அந்த விரலுக்குக் கீழே ஒரு ஃப்ரெட் இறங்கிய காந்தாரத்தைப் பிடிக்க வழியில்லை. அந்தத் தந்தியை ஜி-க்கு ஏற்றிவிட்டால் ச ப ச ம ப ச ஆகிவிடும். 1960-களில் பிரிட்டிஷ் கிதார் கலைஞர் டேவி கிரஹாம் வழியாகப் பரவிய ட்யூனிங் அது. அதில் திறந்த தந்திகளில் காந்தாரமே இல்லாததால் மேஜர், மைனர் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் இப்போதே அதற்குத் தாவாதீர்கள். ஓப்பன் டி-யிலேயே இருந்து, எந்தத் தந்தியை அடக்கினால், எந்தத் தந்தியை விட்டுவிட்டால் இ மைனர் வருகிறது என்று தேடுங்கள். கிடைத்ததும் எந்த விரல், எந்த ஃப்ரெட், எது அடங்கியது, எது ஒலித்தது என்று எனக்கு எழுதுங்கள். நான் பிடிக்கும் வடிவத்தை அதற்குப் பிறகு உங்களுக்குச் சொல்கிறேன்.