கிரைண்டரால் வெட்ட முடியாத சைக்கிள் பூட்டு உண்மையிலேயே இருக்கிறதா? 250 பவுண்டு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: "லண்டனில் முதுகலை படிக்க வந்திருக்கிறேன். 700 பவுண்டுக்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். தினமும் ரயில் நிலைய வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். கிரைண்டருக்கும் அசையாத பூட்டு என்று 250 பவுண்டுக்கு விற்கிறார்கள். நம்பலாமா?"

உங்கள் நிலைமைக்கு வாங்கலாம். ஆனால் வெட்டவே முடியாது என்று நினைத்து வாங்காதீர்கள். அப்படி ஒரு பூட்டு இன்னும் வரவில்லை. வெட்ட வந்தவனுக்கு நேரமும் பொருளும் விரயமாகி, கை சலித்துப் பக்கத்துச் சைக்கிளுக்குப் போக வைக்கிற பூட்டு வந்திருக்கிறது. அது வேலை செய்கிறது.

கிரைண்டர் என்றதும் மாவு ஆட்டுவது நினைவுக்கு வரும். நான் சொல்வது ஆங்கிள் கிரைண்டர். நம்ம ஊர் வெல்டிங் பட்டறைகளில் ஏஜி4 என்பார்களே, அதுதான். இப்போது அது பேட்டரியில் ஓடுகிறது, புத்தகப் பையில் அடங்கிவிடுகிறது. இங்கே பூட்டுகளின் கதையையே மாற்றியது அந்தப் பேட்டரிதான்.

நாலு வருஷத்துக்கு முன் நானும் உங்களைப் போலவே கிழக்கு லண்டனில் ஒரு நிலையத்தில் சைக்கிளை விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பூட்டு நல்ல பூட்டுதான். 16 மி.மீ. தடிமனுள்ள டி-லாக் (டி வடிவ எஃகுப் பூட்டு, யு-லாக் என்றும் சொல்வார்கள்), கோல்டு தரச் சான்று பெற்றது. நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை. ஆறரை மணிக்குத் திரும்பி வந்தபோது நல்ல இருட்டு. ஸ்டாண்டு காலியாக இருந்தது. கீழே பூட்டு இரண்டு துண்டாகக் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். வெட்டிய முகம் நீலம் பாரித்திருந்தது. எஃகு சூடேறினால் வரும் அந்த நிறத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பக்கத்தில் காபி வண்டி வைத்திருந்த பெண்மணி, மஞ்சள் ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் வந்ததாகவும், நிலையத்து ஆட்கள் ஏதோ பழுது பார்க்கிறார்கள் என்று தான் நினைத்ததாகவும் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. நெருப்புப் பொறி பறக்க, காது கிழிகிற சத்தத்தோடு ஒருவன் வேலை செய்தால், அது திருட்டு என்று யாருக்குத் தோன்றும்?

ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் விட்டால் பத்திரம் என்று பலர் சொல்வார்கள். பெரிய கத்தரி போன்ற போல்ட் கட்டரால் வெட்டிய காலத்தில் அது சரி. கிரைண்டர் காலத்தில் அதை மட்டும் நம்ப முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது.

சரி, 16 மி.மீ. எஃகு ஏன் தோற்றது? அப்பா நாமக்கல்லில் கிரில் பட்டறை வைத்திருந்தார். அரிவாள் அடிப்பதற்காகக் கொல்லர் ஒருவர் பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகளைக் கொண்டுவந்து துண்டு போடச் சொல்வார். ஆக்சா பிளேடு அதன் மேல் வழுக்கும், பல் மழுங்கும். கட்டிங் வீலை வைத்தால் மட்டும் பப்பாளி அறுப்பது போலப் போகும். காரணம் எளிமையானது. எஃகை எவ்வளவு கடினப்படுத்தினாலும் அது எஃகுதான். கட்டிங் வீலில் இருக்கும் துகள் அலுமினியம் ஆக்சைடு, அதாவது குருந்தக் கல்லின் இனம். (கொரண்டம் என்ற ஆங்கிலப் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான்.) கடினப்படுத்திய எஃகைவிட அது மிகவும் கடினம். நிமிடத்துக்கு 8,000 முதல் 11,000 சுற்று வேகத்தில் சுற்றும் 1 மி.மீ. வட்டு, எஃகைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்துவிடும். சாதாரண டி-லாக்கில் ஒரு பக்கம் வெட்ட அரை நிமிடம் வாக்கில் ஆகும். இரண்டு காலும் பூட்டிக்கொள்ளும் பூட்டு என்றால் மறுபக்கமும் வெட்ட வேண்டும். மொத்தம் ஒரு நிமிடம். தடிமனைக் கூட்டினால் சில விநாடிகள் கூடும், நீங்கள் சுமக்கும் எடையும் கூடும்.

புதுப் பூட்டுகள் வேறு வழியில் போகின்றன. இவை வட்டைத் தடுப்பதில்லை, வட்டையே தின்கின்றன. ஹிப்லாக் நிறுவனத்தின் டி1000 பூட்டு 2021இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற, மக்களிடம் பணம் திரட்டும் இணையதளம் வழியாக வந்தது. அதன் எஃகுக்கு மேல் ஃபெரோசேஃப் என்ற, கிராஃபீன் (கார்பனின் மிக மெல்லிய வடிவம்) கலந்த கலப்புப் பொருள் இருக்கிறது. வேல்ஸ் நாட்டு லைட்லாக்கின் எக்ஸ்1 பூட்டில் எஃகுத் தண்டின் மேல் பாரோனியம் என்ற பொருளை உருக்கிப் பிணைத்திருக்கிறார்கள். வட்டு இவற்றில் பட்டதும் அதன் விளிம்பு தேய்கிறது, பூட்டில் சின்னக் கீறல்தான் விழுகிறது. ஒரு பூட்டை அறுக்க ஒன்றல்ல, பல வட்டுகள் தீர்ந்துபோகும். நடுவில் நிறுத்தி வட்டு மாற்ற வேண்டும், பேட்டரியும் இறங்கும். ஒரு நிமிட வேலை பல நிமிடமாக இழுக்கும்போது, மஞ்சள் ஜாக்கெட் போட்டவனையும் யாராவது நின்று பார்ப்பார்கள். இந்தப் பூட்டுக்கு நாம் கொடுக்கும் விலை அந்த நிமிடங்களுக்குத்தான்.

கடையில் ‘டைமண்டு’ என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். சோல்டு செக்யூர் என்பது 1992இல் நார்தம்பிரியா, எசெக்ஸ் காவல்துறைகள் தொடங்கிய சோதனை அமைப்பு. வெண்கலம் (புரான்ஸ்), சில்வர், கோல்டு, டைமண்டு என்று தரம் பிரிக்கிறார்கள். நல்ல அளவுகோல்தான். ஆனால் சாதாரண எஃகுப் பூட்டுகளும் சங்கிலிகளும்கூட டைமண்டு வாங்கியிருக்கின்றன. ஆங்கிள் கிரைண்டரைத் தாங்கும் என்று தனியாகச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். பூட்டைப் பலப்படுத்தினால் திருடன் அடுத்த பலவீனத்தைத் தேடுவான். பூட்டுகளின் வரலாறே அப்படித்தான். 1972இல் கிரிப்டோனைட் நிறுவனம் தன் யு-லாக்கைப் போட்டு ஒரு சைக்கிளை நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் 30 நாள் விட்டுவைத்தது. கழற்ற முடிந்த பாகங்கள் எல்லாம் போய்விட்டன. சைக்கிளும் பூட்டும் மட்டும் நின்றன. பிறகு 2004இல், உருளைச் சாவி போடும் பூட்டுகளைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை நுழைத்துத் திருப்பியே திறக்கலாம் என்று வீடியோக்கள் பரவின. அதே கிரிப்டோனைட் பூட்டுகளைத் திரும்பப் பெற்று இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டிவந்தது. எஃகு அப்படியேதான் இருந்தது, தோற்றது சாவித்துளை.

உங்கள் விஷயத்தில் அடுத்த பலவீனம் ஸ்டாண்டுதான். நிலையங்களில் கவிழ்த்த யு வடிவத்தில் இருப்பது ஷெஃபீல்டு ஸ்டாண்டு, உள்ளே வெறும் குழாய். 250 பவுண்டுப் பூட்டை விட்டுவிட்டு அந்தக் குழாயை அறுத்துவிடலாம். முன்னாலேயே அறுத்து, வெட்டின் மேல் டேப் சுற்றியோ ஸ்டிக்கர் ஒட்டியோ வைத்துவிட்டு, யாராவது வந்து பூட்டட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. நான் பூட்டும் முன் குழாயில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பேன், அப்புறம் இரண்டு கையாலும் ஒரு உலுக்கு உலுக்குவேன். தரையில் போல்ட் போட்ட ஸ்டாண்டைவிடக் கான்கிரீட்டில் புதைத்தது நல்லது. தெருப்பலகைக் கம்பத்தில் பூட்டவே பூட்டாதீர்கள். பலகையைக் கழற்றிச் சைக்கிளை மேலே தூக்கிவிடுவார்கள்.

அடுத்தது சைக்கிளின் சட்டம், அதாவது ஃபிரேம். அலுமினியம், கார்பன் இரண்டையும் நொடியில் அறுக்கலாம். ஆனால் அறுத்த சைக்கிளை முழு விலைக்கு விற்க முடியாது, பாகங்களாகத்தான் தள்ள முடியும். விலை உயர்ந்த பாகங்கள் இருந்தால் அதற்கும் துணிவார்கள். 700 பவுண்டு சைக்கிளுக்கு அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

சக்கரங்களை மறக்காதீர்கள். கிரைண்டர் தாங்கும் பூட்டுகள் அளவில் சின்னவை. டி1000இன் உள் அகலம் ஏறக்குறைய 9 செ.மீ., உயரம் 15 செ.மீ. சொச்சம். ஸ்டாண்டின் குழாய், சீட்டுக்குக் கீழிறங்கும் சட்டக் குழாய், பின் சக்கரம் மூன்றையும் அதற்குள் அடக்குவது சிரமம். நான் விலை கூடிய பூட்டைச் சட்டத்துக்கும் பின் சக்கரத்துக்கும் போட்டு ஸ்டாண்டோடு பிணைக்கிறேன். முன் சக்கரத்துக்கு ஒரு சாதாரண டி-லாக். கையால் சட்டென்று கழற்றும் லீவர் உங்கள் சக்கரத்தில் இருந்தால், அதை எடுத்துவிட்டுத் தனிச் சாவி போட்டுத் திருகும் வகையை மாட்டிவிடுங்கள்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை, இது நான் பட்டு அறிந்தது. என் சைக்கிளுக்குக் காப்பீடு இருந்தது, பணம் வரவில்லை. முந்தின நாள் மழை என்று சைக்கிளை இரவு நிலையத்திலேயே விட்டிருந்தேன். பொது இடத்தில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. நீங்கள் படித்துவிடுங்கள். எந்தத் தரச் சான்றுள்ள பூட்டு வேண்டும், பூட்டின் ரசீதைக் கேட்பார்களா என்பதும் அதில்தான் இருக்கும். இன்றைக்கே சைக்கிளைத் தலைகீழாக்கி, பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுங்கள். பைக்ரெஜிஸ்டர் என்ற சைக்கிள் பதிவு இணையதளத்தில் பதிந்துகொள்ளுங்கள். காவல்துறை அதில் தேடிப் பார்க்கிறது.

உங்கள் சைக்கிள் 200 பவுண்டு பழைய வண்டியாக இருந்தால் இந்தப் பூட்டே வேண்டாம் என்றிருப்பேன். தினம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், எட்டு மணி நேரம் நிற்கப்போகும் 700 பவுண்டு சைக்கிள் என்பதால்தான் வாங்கச் சொல்கிறேன். அந்த வழக்கத்தைக் கவனித்துவிட்டுத்தான் கருவியோடு வருவார்கள். சந்தைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பும் சைக்கிளுக்கு நல்ல எஃகு டி-லாக் போதும். நிலையத்திலோ கல்லூரியிலோ கதவும் அட்டையும் உள்ள சைக்கிள் அறை இருந்தால், முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். மடக்குச் சைக்கிளாக மாற்றிக்கொள்ள முடிந்தால் இன்னும் நிம்மதி, மடக்கி ரயிலுக்குள்ளேயே கொண்டுபோகலாம்.

சாவி ஒன்றை வீட்டிலேயே வையுங்கள், சாவி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைத்துவிட்டால், உங்களுக்கு உதவ வருகிறவரும் அதே பூட்டோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். கடைக்குப் போகும்போது சைக்கிளையும் ஓட்டிக்கொண்டே போய், வாசலில் இருக்கும் ஸ்டாண்டில் வைத்து அந்தப் பூட்டைப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். குழாய், சட்டம், சக்கரம் மூன்றும் உள்ளே அடங்கினால் பணம் கொடுங்கள். அடங்கவில்லை என்றால் எக்ஸ்1 பாருங்கள், அது கொஞ்சம் அகலம், விலையும் குறைவு.