டாரன்டுலா (உடம்பெல்லாம் முடியுள்ள பெரிய சிலந்தி) குஞ்சு வளர்க்க எப்படித் தொடங்குவது? அரை அங்குலக் குஞ்சைப் பெரம்பூர் மாடி வீட்டில் வளர்க்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் மற்ற இரண்டு சந்தேகங்களும் (எந்த ஹீட்டர் வாங்கலாம், தினமும் எத்தனை தடவை ஸ்பிரே அடிக்கலாம்) குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்ததால் வந்தவை. வடசென்னைக்கு ஹீட்டரும் வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம். இங்கே குஞ்சைக் கொல்வது கொசு மருந்தும் மே மாத வெயிலும் அளவுக்கு மீறிய ஈரமும்தான்.

அரை அங்குலக் குஞ்சு என்று நீங்கள் எழுதியிருப்பது கால் விரித்த அளவு என்றே எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் கண்ணாடித் தொட்டி வாங்கிவிடாதீர்கள். பெரிய இடத்தில் தீனி குஞ்சின் கண்ணில் படாது, குஞ்சு உங்கள் கண்ணில் படாது. ஹோட்டல் பார்சலில் சட்னிக்குத் தருவார்களே, மூடி போட்ட 50 மில்லி டப்பா, அது போதும். ஊசியைச் சூடாக்கி மூடியிலும் பக்கவாட்டிலுமாகப் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள். வயிறு நசுங்கும், தலையும் நெஞ்சும் சேர்ந்த முன்பகுதி நசுங்காது. அது நுழையும் துளையில் முழுக் குஞ்சும் வெளியே வந்துவிடும் என்பதால் துளை அதைவிடச் சின்னதாக இருக்கட்டும்.

உள்ளே கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். நர்சரியில் உரம் கலக்காத கட்டியாகக் கேட்டு வாங்குங்கள். நார்த்தூளில் உப்பு நிற்கும், மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். பிறகு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. டப்பாவில் முக்கால் அளவு அழுத்தி நிரப்பி, பென்சிலால் ஓரமாகச் சாய்வான குழி ஒன்று போட்டுவிடுங்கள். மீதியை அதுவே தோண்டிக்கொள்ளும். மேலே அதிக இடம் விடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. இவை மூடி வரை ஏறும், விழுந்தால் வயிறு கிழிந்துவிடலாம். கையில் எடுத்துக் கொஞ்சக் கூடாது என்பதும் இதனால்தான்.

வாரம் ஒருமுறை ஊசி இல்லாத சிரிஞ்சில் 1 மில்லி தண்ணீர், ஒரு பக்கச் சுவரோரமாக மட்டும். மறுபக்கம் காய்ந்தே இருக்கட்டும். எந்தப் பக்கம் வேண்டுமோ அதுவே போய் உட்காரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும், இல்லாவிட்டால் பூஞ்சை படரும். கால்கள் எல்லாம் உடம்புக்கு அடியில் சுருண்டிருந்தால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். சிலந்தியின் முக்கியக் கால் மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது, உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால்தான் நீள்கின்றன. வாய் அருகே ஒரு சொட்டு வைத்தால் பல நேரம் எழுந்துவிடும்.

தீனிக்குக் கொளத்தூர் மீன் கடைகளிலும் பறவைக் கடைகளிலும் மீல்வார்ம் (தீனிக்கு விற்கும் புழு) கேட்டுப் பாருங்கள். குஞ்சின் வயிற்றைவிடப் பெரிய துண்டு வேண்டாம். தலையை நசுக்கிக் கொன்று குழி வாசலில் வையுங்கள், உயிரோடு விட்டால் மண்ணுக்குள் போய் ஒளிந்துகொண்டு, தோல் உரிக்கும் குஞ்சையே கடிக்கும். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை போதும், மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள். சமையலறைக் கரப்பான்பூச்சி வேண்டவே வேண்டாம். அது எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ!

ஒருநாள் தீனியைத் தொடாது. வயிறு உப்பிக் கறுத்துப் பளபளக்கும், குழி வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். பட்டினியும் இல்லை, நோயும் இல்லை, தோல் உரிக்கப்போகிறது. மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டதென்று தொட்டுப் பார்க்காதீர்கள், தட்டி எழுப்பாதீர்கள். உரித்து முடித்ததும் பற்கள் பால் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், பிறகுதான் கறுக்கும். கறுத்த பிறகு தீனி வையுங்கள்.

இனி நம் ஊர்க் கதை. எறும்பு வருமென்று டப்பாவைச் சுற்றி எறும்புச் சாக்பீஸ் போடுகிறார்கள். எறும்பைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும். நெய் டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதேபோல் வையுங்கள். கொசு லிக்விட் போடும் அறையில் குஞ்சு இருக்கக் கூடாது. தெருவில் புகை அடிக்கும் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டு, டப்பாவைப் பெரிய டப்பாவுக்குள் ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். அதற்குள் காற்றுத் தீர்ந்துவிடாது. 24 முதல் 30 டிகிரி வரை அதற்குச் சுகம். மேல் மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் மே மாத மதியத்தில் ஈர மணல் மேல் மண்பானையை வைத்து அதற்குள் டப்பாவை வையுங்கள். இதைப் பழைய காலத்து வழி என்று சிரிப்பவர்கள் உள்ளே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு வரட்டும்.

எதை வாங்குவது? லாசியோடோரா பராஹிபானா, பிரேசில் இனம், வேகமாக வளரும், குஞ்சுப் பருவத்திலேயே திடமானது. வளர்ந்தபின் எட்டு அங்குலமும் அதற்கு மேலும் கால் விரிக்கும், அதை இப்போதே யோசியுங்கள். நம் நாட்டு மரச் சிலந்தியான பொயிசிலோதீரியாவைத் தொடக்கக்காரர் தலையில் கட்டும் வியாபாரிகள் மேல் எனக்குக் கடுங்கோபம். மின்னல் வேகம், கடித்தால் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு. அதே பேரினத்தில், ஆந்திராவின் குத்தி என்ற ஊரில் கண்டுபிடிக்கப்பட்ட நீலச் சிலந்தி காட்டில் அழியும் நிலையில் இருக்கிறது. 2019 முதல் அந்தப் பேரினம் முழுவதும் சைட்டீஸ் (வனஉயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உண்டு. பிராக்கிபெல்மா என்ற இன்னொரு டாரன்டுலா பேரினமும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். காகிதம் காட்டாத விற்பனையாளரிடம் எதையும் வாங்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாருக்காவது அக்கி வந்தால் பழி உங்கள் டப்பா மேல்தான் விழும்: ‘எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துடுச்சு’ என்பார்கள். அக்கிக்கும் சிலந்திக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முன்பு வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து திரும்ப எழுவதுதான் அக்கி. காவி எழுதுவது நம்பிக்கை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் டாக்டர் எழுதித் தரும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்பளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். சிலந்தியைத் திட்டிக்கொண்டிருப்பதில் அந்த மூன்று நாளும் போய்விடுகிறது.