பழைய காலத்து ஜாக்கிகளில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன்?

ஜிம்மி விங்க்ஃபீல்ட், பந்தயக் குதிரை ஓட்டிய அமெரிக்கர். ஜாக்கி என்றதும் பனியன்தான் ஞாபகத்துக்கு வருகிறது என்பவர்களும் இவர் கதையைக் கேட்கலாம்.

அதிகப் பந்தயம் ஜெயித்தவர் யார் என்று கேட்டிருந்தால் வேறு யாராவது வந்திருப்பார்கள். பிடித்தவர் யார் என்று கேட்டதால் இவர். அதற்கும் காரணம் அவர் ஓட்டிய பந்தயம் இல்லை, பந்தயத்துக்கு முன் விடியற்காலையில் நடந்த பயிற்சி ஓட்டம்.

1902 கென்டக்கி டெர்பி, அமெரிக்காவின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயம். மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமான ஒன்றேகால் மைல் ஓட்டம். மெக்டவல் என்ற உரிமையாளரிடம் ‘ஆலன் எ டேல்’, ‘தி ரைவல்’ என்று இரண்டு குதிரைகள் இருந்தன. எதில் ஏறுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நாஷ் டர்னர் என்ற பிரபல வெள்ளைக்கார ஜாக்கிக்கு. கறுப்பினத்தவரான விங்க்ஃபீல்டுக்கு மிச்சமிருப்பது. ஆனால் காலையில் இரண்டையும் ஓட்டிப் பழக்கும் வேலை இவருடையது. ஆலன் எ டேலுக்குக் கால் கொஞ்சம் மோசம், ஆனாலும் அதுதான் வேகமான குதிரை என்பது இவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்தார்? அதை ஓட்டும்போதெல்லாம் கடிவாளத்தை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். டர்னர் வந்து பார்த்துவிட்டு ‘தி ரைவல்’ போதும் என்றார்.

பந்தயத்தன்று நான்கே குதிரைகள். தடத்தில் உள்வேலியை ஒட்டிய பகுதி கெட்டி, வெளிப்பக்கம் மணல் ஆழம். முன்னால் போய்க்கொண்டிருந்த ஆலன் எ டேல் பாதியில் நொண்ட ஆரம்பித்தது. யாராவது முந்த வந்தால் விங்க்ஃபீல்ட் கொஞ்சம் வெளியே விலகுவார். வந்தவன் இன்னும் வெளியே ஒதுங்கி மணலில் மாட்டிக்கொள்வான். கடைசியில் ஒரு மூக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்!

பயிற்சியில் செய்தது கள்ளாட்டம்தானே என்றால், ஆமாம், கொஞ்சம் கள்ளாட்டம்தான். நல்ல குதிரையைக் கேட்டு வாங்கும் இடத்தில் அவர் இல்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

1901-லும் ‘ஹிஸ் எமினென்ஸ்’ குதிரையில் டெர்பி இவருக்குத்தான். வாழ்நாளில் ஓட்டியது மொத்தம் நான்கு டெர்பி: மூன்றாமிடம், முதலிடம், முதலிடம், இரண்டாமிடம். அந்த இரண்டாமிடம் 1903-ல். குதிரையின் பெயர் ‘எர்லி’, அதாவது ‘சீக்கிரம்’. பெயருக்கேற்ற மாதிரி சீக்கிரமே முன்னால் விரட்டிவிட்டார். கடைசிக் கட்டத்தில் குதிரைக்கு மூச்சு போதவில்லை.

கறுப்பின ஜாக்கி என்பது அன்று அதிசயம் இல்லை. 1875-ல் நடந்த முதல் டெர்பியில் 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர். முதல் 28 டெர்பிகளில் 15 அவர்கள் ஜெயித்தவை. பந்தயத்தில் பணமும் புகழும் பெருகியதும் வெள்ளைக்கார ஜாக்கிகள் கூட்டுச் சேர்ந்து இவர்களை வேலியோடு நெருக்கினார்கள், சவுக்கால் அடித்தார்கள். இவர்களுக்குக் கொடுத்தால் குதிரை ஜெயிக்காது என்று உரிமையாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். 1902-க்குப் பிறகு இன்றுவரை எந்தக் கறுப்பின ஜாக்கியும் அந்த டெர்பியை ஜெயிக்கவில்லை.

இதோடு விங்க்ஃபீல்ட் சொந்தமாகவும் ஒரு வினையை இழுத்துக்கொண்டார். ஜான் மேடன் என்ற செல்வாக்கான உரிமையாளருக்கு ஓட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, 3,000 டாலர் கிடைக்கிறது என்று வேறொருவர் குதிரையில் ஏறிவிட்டார். அந்தப் பந்தயமும் கிடைக்கவில்லை, அப்புறம் குதிரைகளும் சரியாகக் கிடைக்கவில்லை. 1904-ல் ரஷ்யாவுக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே அவர் நட்சத்திரம். மாஸ்கோ, வார்சா என்று பெரிய பந்தயங்களாக ஜெயித்து ராஜ வாழ்க்கை வாழ்ந்தார். புரட்சி வந்தது. 1919-ல் ஒடெஸாவிலிருந்து 200-க்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போலந்துக்குத் தப்பிய கூட்டத்தில் இவரும் ஒருவர். சுமார் 1,100 மைல். வழியில் பசி தாங்காமல் சில குதிரைகளைத் தின்றார்கள். குதிரையோடு வாழ்ந்தவனுக்கு அந்தச் சாப்பாடு எப்படி இறங்கியிருக்கும்!

பிறகு பிரான்ஸ். 1930 வரை ஜாக்கி, அப்புறம் பாரிஸ் அருகே மேஸோன்-லஃபீத்தில் பயிற்சியாளர். இரண்டாம் உலகப் போரில் லாயம் ஜெர்மானியர் கைக்குப் போக, அமெரிக்கா திரும்பிக் கூலி வேலை பார்த்தார். 1953-ல் மறுபடி பிரான்ஸ்.

1961-ல் டெர்பியை ஒட்டி நடந்த விருந்துக்கு, அந்தப் பந்தயம் நடக்கும் ஊரான லூயிவில்லிலிருந்து அழைப்பு வந்தது. எண்பதை நெருங்கிய மனிதர் மகளோடு ப்ரவுன் ஹோட்டலுக்குப் போனார். கறுப்பினத்தவர் முன்வாசல் வழியாக உள்ளே போகக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அழைப்பின் பேரில் வந்தவர் என்று விளக்கி, காத்திருந்துதான் நுழைய முடிந்தது. உள்ளேயும் பெரும்பாலானோர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. வந்து பேசிக்கொண்டிருந்தவர் ராஸ்கோ கூஸ் என்ற இன்னொரு பழைய ஜாக்கி. 1913 டெர்பியில் யாருமே மதிக்காத, பந்தயப் பணத்தில் 91-க்கு 1 என்று கிடந்த (அதாவது ஒரு டாலர் கட்டி ஜெயித்தால் 91 டாலர் லாபம்) குதிரையை ஜெயிக்க வைத்தவர்.