கல்யாணப் பூவில் மிச்சம் பிடித்து, சீட்டுக் கழிவில் விடலாமா?

கேள்வி: ஆவணிக் கடைசியில் எனக்குக் கல்யாணம். திருகோணமலை டவுனில் மண்டபம் எடுத்தாயிற்று. மணவறை மண்டபக்காரருடையது, பூ மட்டும் எங்கள் பொறுப்பு. அலங்காரக்காரர் 2,40,000 ரூபா கேட்கிறார். அதனால் நானும் தங்கச்சிமாரும் சேர்ந்து பூ வேலையை நாங்களே செய்யப் போகிறோம். பட்டியல் போட்டதில் 95,000 வருகிறது: ஓர்க்கிட், ரோசா என்று பூவுக்கு 60,000, பூச் செருகும் ஸ்பொஞ்ச், கம்பி, ரேப்புக்கு 15,000, சாடி வாடகை 20,000. கையில் 45,000 இருக்கிறது. மிச்சத்துக்கு 20 பேர் சேர்ந்த, மாதம் 10,000 ரூபாச் சீட்டை அடுத்த மாதம், அதாவது நாலாம் மாதமே எடுக்கலாம் என்று இருக்கிறேன். கழிவு 60,000 அளவில் போகும். வரப்போகும் மாமி வாசலில் படம் எடுக்கப் பூச்சுவர் ஒன்று வேண்டும் என்கிறா. வாடகை 85,000. கடனட்டையில் ஆறு மாதம் வட்டியில்லாத் தவணை இருக்கிறதாம். சீட்டை நான் எப்போதும் முதல் ஐந்து மாதத்துக்குள் எடுத்துவிடுவேன். தம்பியின் மோட்டார் சைக்கிளுக்கும் வீட்டுக் கூரைக்கும் இதே அளவுச் சீட்டை, இதே கழிவில் எடுத்தேன். கையில் காசு இருந்தால்தானே பிரயோசனம்? பூவை நாங்களே செய்தால் உண்மையில் மிச்சம் வருமா? - உப்புவெளி வாசகி

பதில்: வரும் தங்கச்சி. நல்ல மிச்சமே வரும். ஆனால் அந்த மிச்சத்தை நாலாம் மாதத்திலேயே சீட்டுக் கூட்டத்தில் வைத்துவிட்டு வரப் போகிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது பூ இல்லை, 'எப்போதும் முதல் ஐந்து மாதத்துக்குள்' என்ற வரிதான்.

கணக்கைப் பருமட்டாகப் பார்ப்போம். மாதாமாதம் ஏலத்தில் ஆகக் கூடிய கழிவு கேட்பவர்தான் 2,00,000இல் அந்தக் கழிவு போக மிச்சத்தை எடுப்பார். கழிவு எல்லாருக்கும் பிரியும். கழிவு 60,000 போனால் 20 பேருக்கும் ஆளுக்கு 3,000 குறையும். அப்படியென்றால் முதல் நாலு மாதமும் நீங்கள் கட்டுவது 7,000 படி 28,000. பிறகு கழிவு மெல்ல மெல்ல இறங்கிக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும். மிச்சம் 16 மாதமும் சராசரியாக 8,500 என்று வையுங்கள், 1,36,000 வரும். மொத்தம் கட்டுவது 1,64,000, கையில் கிடைப்பது 1,40,000. ஆக 24,000 நட்டம். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்த 1,40,000இல் 28,000 நீங்களே கட்டிய காசு. உண்மையில் வாங்கிய கடன் 1,12,000. அதையும் மாதாமாதம் அடைத்துக்கொண்டு வருகிறீர்கள் என்பதையும் சேர்த்தால், வருடத்துக்குக் கிட்டத்தட்ட நூற்றுக்கு 30 வட்டி. இந்த வட்டியை ஒரு வங்கி கேட்டால் எழும்பி வந்துவிடுவீர்கள். சீட்டில் அதற்குக் கழிவு என்று பெயர் இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

அதே சீட்டைக் கடைசியில் எடுத்தால் அதே 1,64,000 கட்டி 2,00,000 வாங்குவீர்கள், 36,000 லாபம். முந்தி எடுப்பதற்கும் பிந்தி எடுப்பதற்கும் இடையில் 60,000. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு 60,000, கூரைக்கு ஒரு 60,000, இப்போது மூன்றாவது. கூட்டிப் பாருங்கள், 1,80,000. அலங்காரக்காரர் கேட்கும் தொகையில் முக்கால் பங்கு. கூரை ஒழுகினால் பொறுத்திருக்க முடியாது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கல்யாணத் திகதி திடீரென்று வந்ததில்லை.

இன்னொன்று. உங்களுக்குத் தேவை 50,000, எடுக்கப் போவது 1,40,000. மேலதிகமாகக் கையில் நிற்கும் 90,000 எங்கே போகும் என்பதற்குப் பூச்சுவரின் வாடகையைப் பார்த்தாலே போதும்.

சரி, இனி பட்டியல். அதில் முக்கியமான சில செலவுகள் விடுபட்டிருக்கின்றன. பூ அழுகும், ஒடியும், போதாமலும் வரும், ஐந்தில் ஒரு பங்காவது கூட வாங்க வேண்டும்: 12,000. சாமான் ஏற்றி இறக்க வாகனம் 10,000. இரவிரவாக இருந்து கட்டும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் தேநீரும் 8,000. கைச்செலவு 5,000. அப்போது 95,000 இல்லை, 1,30,000. அலங்காரக்காரரிடம் கொடுப்பதைவிட 1,10,000 மிச்சம். அதில் சீட்டுக்கு 60,000, பூச்சுவருக்கு 85,000 போனால் மிச்சம் முடிந்து, மேலதிகமாக 35,000 கைவிட்டுப் போகும். இரண்டு இரவு தூங்காமல் பூக் கட்டியதற்குக் கிடைப்பது இதுதான்.

ஆகவே சீட்டைத் தொடவே வேண்டாம். கையில் 45,000 இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் இன்னும் மூன்று சம்பளம் வரும். நீங்களும் மாப்பிள்ளையும் ஆளுக்கு 8,000 ஒதுக்கினால் 48,000. ஆக 93,000. பூ வேலை இந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும், தாராளமாக அடங்கும்.

எப்படி என்று சொல்கிறேன். ஆவணியில் நமது ஊர் வெயிலும் கச்சான் காற்றும் உங்களுக்குத் தெரியாததல்ல. நுவரெலியாப் பக்கமிருந்து ரோசாவும் கார்னேசனும் தம்புள்ளை, ஹபரணை தாண்டிச் சாதாரண வண்டியில் வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். அவற்றை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து காப்பாற்றுவதற்கு ஆகும் செலவைப் பூவோடு சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும். உங்கள் பட்டியலில் இருக்கும் ஓர்க்கிட்டையும் ரோசாவையும் எடுத்துவிடுங்கள். செவ்வந்தி வெக்கை தாங்கும். மணவறைக்கு அதுவே போதும்.

ஸ்பொஞ்சையும் விடுங்கள். ஒரு தடவை பூச் செருகினால் பிறகு எறிய வேண்டியதுதான். அதற்குப் பதில் வாழைக்குத்தி இருக்கிறது. குலை வெட்டிய மரத்தை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, வெளி மட்டையில் இரண்டை உரித்துப் போட்டால் உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருக்கும். செவ்வந்திக் காம்பை விரல் நீளத்துக்குச் சரிவாக வெட்டி நேரே குத்தலாம். காம்பு மெல்லியதென்றால் ஓலை ஈர்க்கால் முதலில் துளை போட்டு, பிறகு செருகுங்கள். இல்லாவிட்டால் மடங்கிவிடும். கீழிருந்து மேலே நெருக்கமாகக் குத்திக்கொண்டு வந்தால் மட்டை வெளியில் தெரியாது. வேலை முடிந்ததும் நனைத்த சாக்கால் மூடி, மின்விசிறிக் காற்றுப் படாத இடத்தில் வையுங்கள். குத்தியில் உள்ள ஈரத்திலேயே பூ மறுநாள் மத்தியானம் வரை நிற்கும். வாழைக்கறை உடுப்பில் பட்டால் போகாது, பழைய உடுப்போடு வேலைக்கு உட்காருங்கள்.

வாசலுக்கு வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை, கமுகம் பாளை. இவற்றில் பாதி அயலட்டை வளவுகளிலேயே கிடைக்கும். குருத்தை முதல்நாள் பின்னேரம் வெட்டிப் பின்னினால் போதும், அதற்கு முந்தினால் காய்ந்து சுருளும்.

மணமாலை இரண்டையும் மட்டும் நீங்கள் கட்ட வேண்டாம். அது பழகிய கைக்குரிய வேலை. தாலி கட்டும் நேரத்தில் மாலை அறுந்தால் எந்த மிச்சமும் அதற்கு ஈடாகாது. மாலை கட்டிப் பழகியவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: சோடி 16,000. தலைக்கு மல்லிகை 4,000. மணவறைப் பூ 25,000. வாழை, ஓலை, பாளை வெட்டுகூலியோடு 8,000. வாகனம் 6,000, ஏனென்றால் மலைநாட்டுப் பூவும் வாடகைச் சாடியும் இல்லை. சாப்பாடு 8,000. நூல், ஊசி, வாளி, சாக்கு 5,000. மொத்தம் 72,000. நான் போட்ட விலைகள் ஒரு மதிப்புத்தான். விசாரித்துத் திருத்துங்கள். கையில் 21,000 எஞ்சி நிற்கிறது, அது விலை ஏறினால் ஈடுகட்ட.

பூச்சுவருக்கு வருவோம். வட்டியில்லாத் தவணை என்றதும் எனக்கு எச்சரிக்கை மணி அடிக்கும். வட்டி இல்லாவிட்டாலும் செயலாக்கக் கட்டணம் பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு தவணை பிந்தினால் என்ன அறவிடுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிப் படியுங்கள். அதைவிடப் பெரிய விஷயம், 85,000 ரூபாவை ஆறாகப் பிரித்தால் மாதம் 14,000க்கு மேல். சீட்டுக் காசோடு சேர்த்துப் புதுக்குடித்தனத்தின் முதல் ஆறு மாதமும் இதைக் கட்ட வேண்டும், சில மணிநேரம் படம் எடுத்த துணிப்பூவுக்காக. அன்பளிப்புக் கவர் வருமே, அதில் கட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். வராத காசை வைத்துச் செலவு செய்யாதீர்கள்.

மாமியிடம் இதை நீங்கள் சொல்லப் போக வேண்டாம். மருமகளாகப் போகிறவள் முதல் பேச்சிலேயே 'முடியாது' என்றால் அது வருடக்கணக்காக நிற்கும். மாப்பிள்ளை தன் அம்மாவிடம் தானே சொல்லட்டும். "அம்மா, பூச்சுவர் கட்டாயம் வேணுமெண்டால் அதை உங்கட அன்பளிப்பாச் செய்து தாங்கோ. எங்களால கடன் எடுத்துச் செய்யேலாது" என்று மரியாதையாக, ஒரே தடவை. செய்து தந்தால் சந்தோசமாக வாங்குங்கள். தராவிட்டால் வாசலில் வாழைமரத்துக்கும் தோரணத்துக்கும் முன்னால் நின்று படம் எடுக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

சீட்டை விடாமல் கட்டுங்கள், ஆனால் பதினைந்தாம் மாதத்துக்கு முன் ஏலத்தில் வாய் திறக்க வேண்டாம். பதிவில்லாமல் நம்பிக்கையில் ஓடும் சீட்டில் கடைசிவரை இருப்பதிலும் ஆபத்து உண்டு. அதனால் கட்டிய ஒவ்வொரு மாதத்துக்கும் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். யாராவது இரண்டு மாதம் கட்டாமல் இழுத்தால் கழிவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, எடுத்துவிட்டு வாருங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடினால், கழிவு 10,000க்குக் கீழே இறங்கும் மாதத்தில் எடுங்கள்.

அப்புறம், ஆடியில் ஒரு சனிக்கிழமை ஒரேயொரு வாழைக்குத்தியை வாங்கித் தங்கச்சிமாரோடு பூக் குத்திப் பாருங்கள். ஒரு குத்திக்கு எத்தனை பூ, எவ்வளவு நேரம் என்று எழுதி வைத்துக்கொண்டு, பிறகு பூவுக்கு முற்பணம் கொடுங்கள்.