ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம்

கேள்வி: எங்கள் அன்பியத்துக்கு (பங்கிலுள்ள அக்கம்பக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழு) இந்த ஞாயிறு வழிபாட்டுப் பொறுப்பு. முதன்முறையாக முதல் வாசகம், அதாவது திருப்பலியில் முதலில் வாசிக்கப்படும் விவிலியப் பகுதி, வாசிக்கிறேன். எப்படித் தயாரிப்பது?

பதில்: வியாழனுக்குள் வாசகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி. ஆண்டு மாறினால் பகுதியே மாறிவிடும், சரிபாருங்கள். சத்தமாக மூன்று முறை வாசியுங்கள். எசேக்கியா, யோத்தாம் போன்ற பெயர்களில்தான் நாக்கு தடுமாறும். பென்சிலால் பிரித்துக் குறித்துப் பழகுங்கள்.

பலர் “முதல் வாசகம்” என்ற தலைப்பையும் மேலே உள்ள மையக்கருத்து வரியையும் சேர்த்தே வாசிக்கிறார்கள். வேண்டாம். “இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்” என்பதுபோல், அன்றைய நூலின் பெயரைச் சொல்லியே தொடங்குங்கள். மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். ஒட்டிப் பேசினால் சொல் சிதறும். கடைசி வரிக்குப்பின் மூச்சுவிட்டு, பிறகு “ஆண்டவரின் அருள்வாக்கு” சொல்லுங்கள். அவசரப்பட்டால் அதுவும் வாசகத்தோடு கலந்துவிடும், மக்கள் பதில் சொல்லத் தயங்குவார்கள்.