கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தை விட்டதால் வாசகர்களை இழந்தாரா?

கேள்வி: கென்ய நாவலாசிரியர் கூகி வா தியாங்கோ, ஆங்கிலத்தில் எழுதி உலகப் புகழ் பெற்ற பிறகு தன் தாய்மொழியான கிகூயுவுக்கு மாறினார். இதனால் அவர் தன் வாசகர்களை இழந்துவிட்டார் என்கிறார்களே, சரியா?

வெளிநாட்டு வாசகர்களை மட்டும் மனதில் வைத்துக் கேட்டால் கொஞ்சம் சரிதான். கென்யாவுக்குள் நடந்ததைப் பார்த்தால் கதையே வேறு.

கிகூயுவில் அவர் எழுதிய முதல் நாவல் 1980இல் வந்தது. தமிழிலும் அது ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்ற பெயரில் கிடைக்கிறது, நான் படித்ததும் அதைத்தான். பதிப்பாளர் 5,000 பிரதிகள் அச்சடித்துவிட்டு, விற்றுத் தீர மூன்று முதல் ஐந்து வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரே மாதத்தில் தீர்ந்துபோனது. வருஷம் முடிவதற்குள் மறுபடியும் மறுபடியும் அச்சடித்து மொத்தம் 15,000 ஆனது.

அந்தப் பிரதிகளை எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டால் விடை சொல்லவே முடியாது. ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதைப் படிக்கவில்லை, கேட்டார்கள். சாயங்காலம் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிப்பார், குடும்பமே உட்கார்ந்து கேட்கும். தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். அந்த ஊரில் மட்டாட்டு என்று ஒரு வண்டி உண்டு, ஷேர் ஆட்டோவையும் மினி பஸ்ஸையும் சேர்த்துச் செய்த மாதிரி இருக்கும். அதிலும் வாசிப்பு நடந்தது. எனக்கு மிகவும் பிடித்தது மதுக்கடைக் கதை. அங்கே வாசிப்பதையே தொழிலாக்கிக்கொண்ட ஆட்கள் சிலர் முளைத்தார்கள். கதை சூடுபிடிக்கும் இடமாகப் பார்த்து, தன் கோப்பை காலி என்பது தெரிந்ததும் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார் அந்த ஆள். கேட்பவர்கள் இன்னொரு பீர் வாங்கி வைத்தால்தான் அடுத்த பக்கம்! கூகியே இதையெல்லாம் ரசித்து எழுதியிருக்கிறார்.

நாவலும் அதற்குத் தோதாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஊர் ஊராகப் பாடிக் கதை சொல்லும் ஒரு கலைஞன் சொல்வதாகக் கதை ஆரம்பிக்கும். வரீங்கா என்ற பெண் நைரோபியில் ஒரு முதலாளியிடம் காரியதரிசி. அவர் ஆசைக்கு இணங்காததால் வேலை போகிறது, வாடகை வீடும் போகிறது. ஓட்டை உடைசல் மட்டாட்டு ஒன்றில் ஏறி ஊருக்குக் கிளம்புகிறாள். நாவலின் கணிசமான பகுதி அந்த வண்டிக்குள்தான். விடுதலைப் போரில் பங்கெடுத்த ஒரு கிழவியிடம் டிக்கெட்டுக்குக் காசில்லை, டிரைவர் கத்துகிறான், கூடப் பயணிப்பவர்கள் அவளுக்காகப் பேசுகிறார்கள். அப்புறம் ஒரு குகையில் திருடர்களுக்கான போட்டி. நாட்டின் பணக்காரர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, எப்படிக் கொள்ளையடித்தேன், எத்தனை கார், எத்தனை வைப்பாட்டி என்று பெருமையடிக்கிறார்கள். அதில் ஒருவருக்கு, நிலத்தைப் பிடுங்கிய பிறகு காற்றையும் டப்பாவில் அடைத்து ஜனங்களுக்கு விற்கலாமே என்று யோசனை வருகிறது. தனியாக உட்கார்ந்து வாசித்தால் அந்தப் பேச்சுகள் நீளம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. கூட்டத்தில் ஒருவர் குரல் மாற்றி மாற்றி வாசிக்கக் கேட்டால் சிரிப்பு அடங்க நேரமாகும்.

சரி, இந்த மாற்றம் எங்கே தொடங்கியது? 1977ஐப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் ஜூலையில் ‘பெட்டல்ஸ் ஆஃப் பிளட்’ என்ற ஆங்கில நாவல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த ஆளும் வர்க்கத்தைக் கிழித்துத் தொங்கவிடும் புத்தகம். வெளியீட்டு விழாவில் அதை வெளியிட்டது யார் தெரியுமா? அப்போதைய நிதியமைச்சர் முவாய் கிபாகி. யாருக்கும் வலிக்கவில்லை.

சில மாதங்களில் கூகி வா மிரீ என்ற இன்னொருவரோடு சேர்ந்து, தன் சொந்த ஊரான கமிரீத்துவில் கிகூயு மொழியில் ஒரு நாடகம் போட்டார். நடித்தவர்கள் அந்த ஊர் விவசாயிகளும் தேயிலைத் தோட்டத்திலும் செருப்புத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்களும். திறந்தவெளி அரங்கைக் கட்டியதும் அவர்களே. ஒத்திகையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ‘ஒரு பெரியவர் இப்படியா பேசுவார்?’ என்று ஊர்க் கிழவர்கள் பல்கலைக்கழகப் பேராசிரியரான கூகியின் வசனத்தைத் திருத்தினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள் ஜனங்கள். நவம்பர் மாதம் அனுமதி ரத்து. டிசம்பர் கடைசியில் கூகி வா தியாங்கோ கைது. விசாரணை கிடையாது, கமீட்டி சிறையில் ஒரு வருஷம். ஆங்கில நாவலில் சொன்னதைத்தான் நாடகத்திலும் சொன்னார். இந்தத் தடவை சம்பந்தப்பட்டவர்களுக்கே அது புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

சிறைக்குள்தான் கிகூயு நாவலை எழுதினார், கழிவறைக் காகிதத்தில். கைதிகளை வருத்துவதற்காகவே முரட்டுத்தனமாக இருந்த அந்தக் காகிதம் பேனாவுக்கு ஏதுவாக இருந்ததாம்.

அடுத்த கிகூயு நாவல் ‘மாட்டிகாரி’, 1986. காட்டிலிருந்து திரும்பும் ஒரு விடுதலை வீரன் நாடெங்கும் நடந்து, உண்மையும் நீதியும் எங்கே கிடைக்கும் என்று எல்லாரிடமும் கேட்கிறான். கிராமங்களில் ஜனங்கள் அவனைப் பற்றிப் பேசியதைக் கேட்ட உளவுத்துறை, மாட்டிகாரி என்ற பெயரில் ஒருவன் கலகம் செய்து திரிவதாக மேலிடத்துக்குத் தகவல் கொடுத்தது. கைது செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. தேடிப் போன பிறகுதான் அவன் ஒரு கதாபாத்திரம் என்று தெரிந்ததாம். ஆங்கிலப் பதிப்பின் குறிப்பில் கூகி இப்படித்தான் சொல்கிறார். ஆளைப் பிடிக்க முடியாததால் புத்தகத்தைப் பிடித்தார்கள். 1987 பிப்ரவரியில் கடைகளிலிருந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள்.

அதனால் என் கருத்து இதுதான். வாசகர்களை அவரிடமிருந்து பிரித்தது மொழி மாற்றம் இல்லை, அப்போதைய அதிபர் மோயின் அரசு. 1982இல் கமிரீத்து அரங்கை இடித்துத் தள்ளினார்கள். அதே வருஷம் புத்தக வெளியீட்டுக்காக லண்டன் போயிருந்தவர், திரும்பினால் ஆபத்து என்று தெரிந்து அங்கேயே தங்கிவிட்டார். 2004இல்தான் ஊருக்கு வந்தார். வந்த சில நாட்களில் தங்கியிருந்த இடத்தில் அவரும் மனைவியும் கொடூரமாகத் தாக்கப்பட்டார்கள். இருபத்திரண்டு வருஷ இடைவெளியில், பாரில் புத்தகம் கேட்ட அந்தத் தலைமுறை கலைந்துபோயிருந்தது. ‘விசர்ட் ஆஃப் த க்ரோ’ என்ற அவருடைய மிகப்பெரிய நாவலையும் முதலில் கிகூயுவில்தான் எழுதினார், ஆனால் உலகத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அவரே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் தெரியும். இங்கே உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ‘ஆங்கிலத்தை எதிர்க்கும் ஆங்கிலப் பேராசிரியர்’ என்று அவரைக் கிண்டல் செய்பவர்களுக்கும் ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. நாற்பதுக்கு மேல் மொழிகள் உள்ள நாட்டில், ஏற்கெனவே செல்வாக்குள்ள பெரிய இனத்தின் மொழியில் எழுதுவது எப்படி எல்லாருக்குமான விடுதலை ஆகும் என்ற கேள்வியையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே கடைசிவரை ஆங்கிலத்தில் எழுதுவதை நியாயப்படுத்தினார், இவ்விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகவில்லை. இத்தனைக்கும் 1962இல் உகாண்டாவின் மகெரேரே பல்கலைக்கழகத்தில் நடந்த எழுத்தாளர் மாநாட்டுக்கு வந்த அச்செபேயிடம்தான் மாணவரான கூகி தன் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்.

அவரது மரபைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. தன் தாயை அப்பா அடித்துத் துன்புறுத்தினார் என்று அவருடைய மகனும் எழுத்தாளருமான முகோமா 2024இல் பொதுவெளியில் எழுதினார். வாசகர்கள் அதில் பிளவுபட்டார்கள், இவ்வளவு பெரியவரைப் பற்றி இப்போது ஏன் இதை எழுத வேண்டும் என்று மகனையே திட்டியவர்களும் உண்டு. எனக்கு அந்தத் திட்டல் பிடிக்கவில்லை. வரீங்காவை எழுதியவரைப் பற்றி இப்படி ஒரு குற்றச்சாட்டு வந்தால் வாசகர் அதையும் கூடவே வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். 2025 மே 28 அன்று 87 வயதில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் பல இதைத் தொடாமலே போயின.

எதிலிருந்து படிக்க ஆரம்பிப்பது என்றால், ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் ‘எ கிரெய்ன் ஆஃப் வீட்’ எடுக்கலாம், கட்டமைப்பில் அவருடைய கச்சிதமான நாவல் அதுதான். ‘வீப் நாட், சைல்ட்’ சின்னது, இரண்டு நாளில் முடியும். தமிழில்தான் வேண்டும் என்றால் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’. முதல் சில பக்கங்கள் மெதுவாகப் போனால் விட்டுவிடாதீர்கள், மட்டாட்டு கிளம்பும் வரைக்கும் பொறுங்கள்.